‘சரி பிள்ளை’ என்று சொல்லிவிட்டு வேறு செய்கிறார்கள்

வாசகர் கேள்வி:

“புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. அப்பா 1988இல் தொடங்கியது. குழாய், பெயின்ட், குளியலறைச் சாமான்கள், மொத்தமும் சில்லறையும். 19 பேர் வேலை செய்கிறார்கள். அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்ததும் வங்கி வேலையை விட்டுவிட்டு நான் பொறுப்பேற்றேன். ஒன்றரை வருடமாகிறது. எனக்கு 34 வயது.

கடையில் 26 வருடமாக இருக்கும் மேலாளரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கும் 10 வீதத்துக்கு மேல் கழிவு கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். ‘சரி பிள்ளை’ என்றார். அடுத்த கிழமை பில்லைப் பார்த்தால் 14 வீதம். கேட்டால், ‘அப்பாட்ட கேட்டுத்தான் குடுத்தனான்’ என்கிறார். 2022இல் கடை பாதி நாள் பூட்டியிருந்தபோதும் அப்பா முழுச் சம்பளம் கொடுத்ததை இன்றைக்கும் என் முன்னால் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சின்ன விஷயம் எல்லாம் மட்டும் என்னிடம் வரும். உடைந்த சிங்க்கை மாற்றிக் கொடுப்பதா, லொறி முதலில் தெஹிவளைக்கா வத்தளைக்கா, எல்லாவற்றுக்கும் ‘மிஸ், என்ன செய்ய?’ காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு. பையன்கள் 8 மணிக்கு வந்து ஆறரைக்குப் போவார்கள். போன மாதம் ஒரு கட்டட வேலைத்தளத்துக்குத் தடித்த குழாய்க்குப் பதிலாக மெல்லிய ரகம் போய்விட்டது. ஸ்டோர்ஸில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கு மூன்று கிழமை கழித்து கொன்ட்ரக்டர் சொல்லித்தான் தெரியும். எல்லோரையும் நிற்க வைத்து ஏசினேன். அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் விலகிவிட்டார்கள். இரண்டு பேரும் சிங்களப் பையன்கள், கெட்டிக்காரர்கள். ஒருவன் இப்போது நாலு கடை தள்ளி நிற்கிறான். ஏன் என்று கேட்டதற்கு ‘ஒண்ணுமில்ல மிஸ்’ என்றான்.

எம்.பி.ஏ. படி, தலைமைத்துவம் தானாக வரும் என்கிறார் கணவர். அண்ணனை நிறுத்து என்கிறாள் தோழி. இன்னும் கடுமையாக இருக்க வேண்டுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?”
(பெயர் வேண்டாம், வெள்ளவத்தை)

பதில்:

மூன்றில் எதையும் இந்த மாதம் செய்ய வேண்டாம். அண்ணனை நிறுத்துவது உங்கள் தோழி நினைக்கிற அளவுக்கு லேசான வேலை இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். கடுமை உங்களிடம் ஏற்கெனவே தேவையான அளவு இருக்கிறது. படிப்பு நல்லதுதான், ஆனால் அது இந்தச் சிக்கலைத் தொடாது. எந்த முடிவை யார் எடுப்பது என்று உங்கள் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. 14 வீதக் கழிவுக்கு மேலாளர் அப்பாவிடம் போகிறார். உடைந்த சிங்க்குக்குக் கவுண்டர் பையன் முதலாளியிடம் வருகிறான். பெரிய முடிவு உங்களைத் தாண்டிப் போகிறது, சின்ன முடிவு உங்கள் மேசையில் வந்து குவிகிறது. இது சரியாகாமல் எந்தத் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய் வந்தாலும், திரும்பி வருவது அதே கடைக்குத்தான்.

முதல் வேலை கடையில் இல்லை, வீட்டில். அப்பாவிடம் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தில் அண்ணன் மேல்தான் கோபம் தெரிகிறது. ஆனால் அண்ணன் போன் எடுத்தபோது ‘குடு’ என்று சொன்னவர் அப்பா. ஒரு கடைக்கு இரண்டு முதலாளிகள் இருந்தால் ஊழியர்கள் எந்த முதலாளி தமக்குத் தோதானவரோ அவரிடம் போவார்கள். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை. கொழும்பில் குடும்பத் தொழில் கைமாறும் இடங்களில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்: கையெழுத்து மகனுக்கோ மகளுக்கோ வந்துவிடும், தொலைபேசி அழைப்பு மட்டும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

‘அப்பா, இனிமேல் தலையிடாதீங்கோ’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நின்ற கடை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டில் இருக்கும் மனிதருக்கு அந்த போன் அழைப்புதான் நாளின் முக்கியமான நேரமாகக்கூட இருக்கலாம். அதைப் பறிக்காமல் அவருக்கென்று சில முடிவுகளைத் தெளிவாக ஒதுக்குங்கள். புதிதாக ஒருவருக்குப் பெரிய கடன் திறப்பது, புதிய கம்பனியின் ஏஜென்சி எடுப்பது, கட்டடம், காணி, வங்கிக் கடன் எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கிற முடிவுகள். அன்றாட விலை, ஆள், டெலிவரி உங்களுடையவை. அண்ணன் அழைத்தால் அப்பா நன்றாகக் கதைக்கட்டும், பேரப்பிள்ளைகளை விசாரிக்கட்டும். கடை விஷயம் வந்தால் ஒரே ஒரு பதில் போதும்: ‘அதை மகளிட்ட கேளுங்கோ.’ நீங்கள் எடுத்த முடிவு பிழை என்று அப்பா நினைத்தால் இரவு உங்களிடம் சொல்லட்டும். காலையில் அண்ணனிடம் சொல்லக் கூடாது. இதற்கு அவர் சம்மதிக்க ஒரே நாள் பேச்சுப் போதாது, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதித்ததும், வைத்தியர் அனுமதித்தால், ஒரு நாள் காலை கடை திறக்க முன் அப்பா வந்து எல்லோர் முன்னாலும் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். நீங்கள் சொன்னால் அது உரிமை கேட்பது போல இருக்கும், அவர் சொன்னால் ஒப்படைப்பது. அன்றைக்கு நீங்கள் நீளமாகப் பேசவே வேண்டாம்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்: அந்த 10 வீத விதி நல்ல விதியில்லை. வங்கியிலிருந்து வந்தவருக்கு ஒரே எல்லை எல்லோருக்கும் என்பது ஒழுங்காகத் தெரியும். ஆனால் புறக்கோட்டை மொத்த வியாபாரத்தில் விலையோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று வருகிறது, காசு எப்போது கைக்கு வரும் என்பது. ஒரு லட்சம் ரூபா பில்லுக்கு 10 வீதம் கழித்து, 90 நாள் பின்திகதியிட்ட காசோலை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். கையில் வரப்போவது 90,000. உங்கள் வங்கி மேலதிகப் பற்றுக்கு (ஓவர்ட்ராஃப்ட்) வருட வட்டி 12 வீதம் என்றால், அந்த மூன்று மாதத்துக்கு 2,700 ரூபா வட்டி. மிஞ்சுவது 87,300. அதே பில்லுக்கு 14 வீதம் கழித்துக் கைக்காசு வாங்கினால் 86,000. வித்தியாசம் 1,300 ரூபா. இதில் இன்னும் காசோலை திரும்பி வருகிற ஆபத்தைச் சேர்க்கவில்லை. அப்படி ஒரு காசோலை திரும்பினால் எத்தனை பில்லின் இலாபம் போகும் என்று உங்களுக்கே கணக்குத் தெரியும். உங்கள் வட்டி வீதம் வேறாக இருக்கலாம், அதைப் போட்டுப் பாருங்கள்.

அண்ணன் அந்த 14 வீதத்தைக் கைக்காசுக்குக் கொடுத்தாரா, 90 நாள் காசோலைக்குக் கொடுத்தாரா? நீங்கள் எழுதவில்லை. பார்த்தீர்களா என்பதும் தெரியவில்லை. கைக்காசுக்கு என்றால் அவர் வியாபாரம் தெரிந்தவர், உங்களுக்கு விளக்கிச் சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். காசோலைக்கு என்றால், அதுவும் ஒரே வாடிக்கையாளருக்குத் திரும்பத் திரும்ப என்றால், அது வேறு கதை. கடந்த ஆறு மாத பில்களை எடுத்து கழிவு, காசு வந்த திகதி, வாடிக்கையாளர் என்று மூன்று நிரல் போட்டுப் பாருங்கள். இதை அண்ணனைப் பிடிப்பதற்காகச் செய்யாதீர்கள். அவரோடு உட்காரும்போது கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யுங்கள்.

பிறகு அவரோடு உட்காருங்கள். ‘அண்ணன், கைக்காசுக்கு எவ்வளவு வரை விடலாம், 30 நாளுக்கு எவ்வளவு, 60 நாளுக்கு எவ்வளவு? நீங்களே சொல்லுங்கோ’ என்று கேட்டு ஒரு அட்டவணையை அவர் வாயாலேயே போட வையுங்கள். உங்கள் கணக்கோடு ஒத்துவராத இடத்தில் மட்டும் பேரம் பேசுங்கள். எழுதி முடித்த பிறகு அந்த எல்லைக்குள் அவர் உங்களிடம் கேட்கவே தேவையில்லை. எல்லையைத் தாண்டினால் பில் போட முன்னர் உங்களுக்கு ஓர் அழைப்பு வர வேண்டும். தான் சேர்ந்து எழுதிய விதியை ஒருவர் மீறுவது கஷ்டம். அப்படியும் மீறினால், ‘அப்பாட்ட கேட்டனான்’ என்ற கதவு மூடியிருக்கும், அப்போது நீங்கள் கேட்கிற கேள்விக்கு எடை இருக்கும்.

அவரிடம் இருக்கிற இன்னொரு சொத்தையும் கவனியுங்கள். எந்த கொன்ட்ரக்டர் நேரத்துக்குக் காசு தருவார், எந்தக் கடைக்காரர் ஒவ்வொரு டிசம்பரிலும் காசோலையைப் பின்போடச் சொல்வார், யாருடைய தம்பி தனியாகக் கடை போட்டிருக்கிறார் என்ற விபரமெல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. அவர் நாளைக்கே நோயில் விழுந்தால் உங்கள் கடன் புத்தகத்தில் பாதிக்கு அர்த்தம் தெரியாமல் போகும். ‘எல்லாத்தையும் எழுதித் தாங்கோ’ என்று கேட்டால் தரமாட்டார், தன்னை அனுப்பப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நம்பிக்கையான ஒரு இளம் ஆளை அவரோடு சேர்த்துவிடுங்கள். கடன் வசூலுக்குப் போகும்போது கூடப் போகட்டும், சனிக்கிழமைகளில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் எழுதட்டும். அண்ணனுக்கும் இதில் ஏதாவது கிடைக்க வேண்டும். கொமிஷன் கொடுப்பதாக இருந்தால் விற்பனைக்குக் கொடுக்காதீர்கள், வசூலான காசுக்குக் கொடுங்கள். விற்பனைக்குக் கொமிஷன் கொடுத்த கடையில் காசோலைகள் மட்டும் லாச்சி நிறைய இருக்கும்.

நிறுத்துவது பற்றி உங்கள் தோழிக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதாவது ஊழியரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். உங்களிடம் 19 பேர். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றாலும் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிய முன்னர் எழுத்தில் கொடுக்க வேண்டும். முறையான விசாரணை எதுவும் இல்லாமல் ‘எங்களுக்கு ஒத்துவரவில்லை’ என்று அனுப்பினால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்கு ஏறி இறங்க வேண்டிவரும். மற்றது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம். 26 வருடத்துக்கு 13 மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. அவரே விலகிப் போனாலும் கொடுக்க வேண்டிய காசு அது. உங்கள் கணக்கில் அதற்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கணக்காளரிடம் கேளுங்கள். அவரை அனுப்புவதற்காகச் சொல்லவில்லை, எப்படியும் வரப்போகிற செலவு.

அடுத்தது ‘மிஸ், என்ன செய்ய?’

ஒரு கிழமைக்கு ஒரு கொப்பி வைத்துக்கொண்டு, உங்களிடம் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வரியில் எழுதுங்கள். யார் கேட்டார் என்பதையும் எழுதுங்கள். கிழமை முடிவில் பார்த்தால் கேள்விகள் ஆயிரம் இருக்காது, ஒரு பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். உடைந்து வந்த சாமானை மாற்றுவது, பில் இல்லாமல் திருப்பிக் கொண்டுவருவது, லொறி ஒழுங்கு, நாட்டாமைக் கூலி, முன்பணம் கேட்பது. இவற்றில் பலவற்றுக்கு ரூபாவில் ஒரு எல்லை போட்டுவிடலாம். பில்லோடு வந்தால், இவ்வளவு ரூபா வரை, கவுண்டரில் நிற்பவரே மாற்றிக் கொடுக்கலாம். லொறி எந்தப் பக்கம் முதலில் போவது என்பதை ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் முதல் நாள் மாலையே முடிவு செய்வார். எல்லைத் தொகை எவ்வளவு என்பது உங்கள் வியாபாரத்தைப் பொறுத்தது. ஒரு பிழை நடந்தாலும் உங்களுக்கு நித்திரை கெடாத தொகையாக இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேள் என்பது இப்போது எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரும் பாடம். ஐந்து வருடம் நின்ற ஆளுக்கு அது சரி. போன மாதம் ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையனிடம் அப்படிக் கேட்டால் அவன் திகைத்துப் போவான். போல் ஹேர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1969இல் முன்வைத்த கருத்து இன்றைக்கும் எனக்குப் பிரயோசனப்படுகிறது: நடத்தும் முறை எதிரில் இருக்கிற ஆளின் திறமையையும் மனதையும் பொறுத்து மாற வேண்டும். புதியவனுக்கு என்ன, எப்படி, எத்தனை மணிக்கு என்று முழுதாகச் சொல்லிக் கொடுங்கள். கொஞ்சம் பழகியவனுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலை தெரிந்தும் தயங்குகிறவனுக்குப் பக்கத்தில் நின்று தைரியம் கொடுங்கள். இரண்டும் உள்ளவனை விட்டுவிடுங்கள். உங்கள் 19 பேரையும் ஒரு தாளில் எழுதி யார் எந்த இடத்தில் என்று குறித்துப் பார்த்தால், அண்ணனை நீங்கள் புதியவனைப் போலவும் புதியவனை அண்ணனைப் போலவும் நடத்துவது தெரியவரலாம்.

எல்லை கொடுத்த பிறகுதான் உண்மையான சோதனை வரும். கவுண்டர் பையன் எல்லைக்குள் ஒரு முடிவு எடுப்பான், அது உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் அங்கேயே நின்று, வாடிக்கையாளர் முன்னால் அதை மாற்றினீர்களென்றால் அன்றோடு எல்லாம் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து மறுபடியும் ‘மிஸ், என்ன செய்ய?’ தான். அந்த முடிவு நிற்கட்டும். கடை பூட்டிய பிறகு அவனைக் கூப்பிட்டுக் கதையுங்கள்.

குழாய்ச் சம்பவம் உங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிழையான ரகம் போனது சாதாரண விஷயம், ஹார்ட்வெயார் கடையில் நடக்கும். ஸ்டோர்ஸில் தெரிந்தும் மூன்று கிழமை யாரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் கவலை. ஏமி எட்மண்ட்சன் 1990களில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையாக வேலை செய்யும் பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எதிர்மாறாக வந்தது, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் பிழையைச் சொன்னார்கள் என்பது தெரியவந்தது. மற்ற இடங்களில் பிழை நடந்தும் வெளியே வரவில்லை. உங்கள் ஸ்டோர்ஸ் அந்த மற்ற இடம் மாதிரி.

எல்லோரையும் நிற்க வைத்து ஏசியதில், ஏற்றியவன் மட்டுமல்லாமல் அன்றைக்கு லீவில் இருந்தவனும் வாங்கியிருப்பான். அதிலிருந்து அவர்கள் படித்திருக்கக்கூடிய பாடம் ‘கவனமாக ஏற்று’ என்பதாக இருக்காது. ‘மிஸ்ஸுக்குத் தெரிய விடாதே’ என்பதாகத்தான் இருக்கும். அடுத்த முறை யாராவது வந்து ‘மிஸ், ஒரு பிழை நடந்திட்டுது’ என்றால், உங்கள் முதல் வாக்கியம் ‘வந்து சொன்னது நல்லது, இப்ப எப்படிச் சரிசெய்யலாம்?’ என்று இருக்கட்டும். யார் செய்தது என்ற விசாரணை அடுத்த நாளைக்கு. உடனே சொன்ன பிழைக்கும் மறைத்த பிழைக்கும் ஒரே தண்டனை கொடுக்காதீர்கள். மறைத்தால் கண்டிப்பு, சொன்னால் திருத்தம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, மெல்லிய ரகமும் தடித்த ரகமும் ஸ்டோர்ஸில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தால் அந்தப் பிழைக்குப் பாதிப் பொறுப்பு அடுக்கிய விதத்துக்கு. முதலில் போய் அதைப் பாருங்கள்.

விலகிய இரண்டு பையன்களும் சிங்களப் பிள்ளைகள் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில் நிற்கிறேன். உங்கள் கடையில் முக்கியமான பேச்சு எந்த மொழியில் நடக்கிறது? நீங்களும் அண்ணனும் தமிழில் முடிவு செய்து, அது ஸ்டோர்ஸுக்கு யாரோ ஒருவர் மூலம் அரைகுறைச் சிங்களத்தில் போகிறதா? நீங்கள் தமிழில் ஏசியபோது, என்ன நடக்கிறது என்று புரியாமல் தலை குனிந்து நின்றவர்கள் யார்? இதே தெருவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் காலாகாலமாகச் சேர்ந்துதான் வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் கடைக்குள் செய்தி ஒரு மொழியில் முதலிலும் மற்ற மொழியில் பிறகும் வந்தால், பிறகு கேட்கிறவன் தன்னை வெளியாள் என்றுதான் உணர்வான். அறிவித்தல்கள் இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் ஒட்டப்பட வேண்டும். காலையில் பத்து நிமிடம் எல்லோரையும் கூட்டி அன்றைய லொறி, வரவேண்டிய சாமான், முடிந்துபோன சாமான் பற்றிச் சொல்லுங்கள், இரண்டு மொழியிலும். வங்கியில் இருந்தவர் என்பதால் உங்களுக்குச் சிங்களம் சரளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வாடிக்கையாளரோடு மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். 8 மணியிலிருந்து ஆறரை வரை, சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் கழித்தாலும் ஒன்பதரை மணித்தியாலம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் போனால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. அது ஒழுங்காகப் போகிறதா, அல்லது அப்பா காலத்தில் ‘எல்லாம் சம்பளத்துக்குள்’ என்று இருந்தது அப்படியே தொடர்கிறதா? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர்கள் பங்கு 8 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் 3 வீதம், எல்லாம் முழுச் சம்பளத்துக்கும் கட்டப்படுகிறதா? இதில் ஓட்டை இருந்தால் எந்தத் தலைமைத்துவமும் எடுபடாது. நாலு கடை தள்ளிப் போன பையனுக்கு அங்கே கிடைப்பது ஒருவேளை கூடுதல் சம்பளமாக இல்லாமல், ஆறு மணிக்குப் பிறகு நின்றால் அதற்குக் காசு என்பதாக இருக்கலாம்.

இதையெல்லாம் நான் ஊகிக்கிறேன். உண்மை உங்கள் கடையில் மிஞ்சியிருப்பவர்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவரோடும் மாதத்துக்கு ஒரு முறை கால் மணித்தியாலம் தனியாகக் கதையுங்கள். கெமராவுக்குக் கீழே, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துக் கதைத்தால் ‘ஒண்ணுமில்ல மிஸ்’ தான் கிடைக்கும். பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்காருங்கள். பெண் முதலாளி, இளம் பையன் என்று தயக்கமாக இருந்தால் இரண்டு இரண்டு பேராகக் கூப்பிடுங்கள். ‘ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்காதீர்கள், ‘இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். ‘போன கிழமை எந்த வேலை வீணாக இரண்டு முறை செய்ய வேண்டிவந்தது?’ என்று கேளுங்கள். ‘நான் சொன்னதில் எது விளங்கவில்லை?’ என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதில் சின்னதாக ஒன்றையாவது பத்து நாளுக்குள் செய்து காட்டினால் அடுத்த மாதம் வாய் தானாகத் திறக்கும். ஒன்றும் செய்ய முடியாது என்றால் அதையும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு மறந்துபோவதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

கடுமை பற்றி. ஆண்கள் நிறைந்த தெருவில் பெண் முதலாளியாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், குரலை உயர்த்தினால்தான் மதிப்பார்கள் என்ற யோசனை வருவதும் இயல்பு. குரலால் வருவது அன்றைக்குப் பின்னேரம் வரைதான் நிற்கும். சொன்னதைத் திரும்பிப் பார்க்கிறீர்களா என்பதைத்தான் ஊழியர்கள் கவனிக்கிறார்கள். ஒரே நேரத்தில் பத்து விதி போடாதீர்கள். இந்த மாதம் கழிவு அட்டவணை ஒன்றுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பில்களைப் பாருங்கள், தாண்டியிருந்தால் அன்றைக்கே, அமைதியாக, தனியாகக் கேளுங்கள். அது பழக்கமான பிறகு அடுத்தது.

அப்பாவின் 2022 சம்பளத்தை அவர்கள் சொல்லிக்காட்டுவது உங்களைக் குத்துவதற்காக என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நாடே நின்ற வருடம் அது. அப்போது கை கொடுத்தவரைப் பற்றி அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள், சொல்லட்டும். அப்பா சேர்த்துவைத்த அந்த நம்பிக்கையில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, சம்பளத் திகதி ஒரு நாளும் தவறாத வரைக்கும்.

கடைசியாகப் படிப்பு. பொரளையில் இருக்கும் முகாமைத்துவ பட்டப்பின் நிறுவனமோ, நாவலையில் திறந்த பல்கலைக்கழகமோ, எதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் வார இறுதியையும் வகுப்புக்குக் கொடுத்தால், கடையை மறுபடி அண்ணனும் அப்பாவும்தான் போனில் நடத்துவார்கள். கேள்விக் கொப்பி மெலிந்து, ஒரு கிழமை நீங்கள் கடைக்குப் போகாமல் இருந்தும் கடை ஓடிய பிறகு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் ஏதாவது படித்தே ஆக வேண்டும் என்றால், தேசிய வியாபார முகாமைத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் ஆளணி முகாமைத்துவம் பற்றிய குறுகிய பாடநெறி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதற்கும் நீங்கள் போவதைவிட, அண்ணனோடு சேர்த்துவிட நினைக்கிற அந்த இளம் ஆளைக் கடைச் செலவில் அனுப்புங்கள். அது ஸ்டோர்ஸில் மிஞ்சியிருக்கும் சிங்களப் பிள்ளைகளில் ஒருவனாக இருக்க முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.